கலையரங்கத்தின் சாவியும் மின் கட்டணமும்

நீங்கள் கேட்டிருப்பது இது. குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் உங்கள் பேரூராட்சியில் சில வருடங்களுக்கு முன்பு முந்நூறு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு கலையரங்கம் கட்டினார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு, சுதந்திர தினத்தையும் பள்ளி ஆண்டு விழாவையும் விட்டால், அது பூட்டியே கிடக்கிறது. இப்போது அதைக் கல்யாண மண்டபமாகக் குத்தகைக்கு விடலாம் என்று மன்றத்தில் பேச்சு வந்திருக்கிறது. "சாக்கடைக்கே பணம் இல்லாத ஊரில் வரிப்பணத்தைப் பாட்டுக்கும் கூத்துக்கும் செலவழிப்பது நியாயமா? நியாயம் என்றால் அந்தப் பணம் எங்கேயிருந்து வரும்?" என்கிறீர்கள்.

தம்பி, நான் டெல்டாவில் நான்கு பேரூராட்சிகளில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். என் பதில்: நியாயம்தான், பணமும் உண்டு. ஆனால் உங்கள் ஊர் இதுவரை தேடிய பணம் வேறு, இனித் தேட வேண்டிய பணம் வேறு.

கட்டுவதற்கான பணம் எப்படியும் வந்துவிடும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பெரிய வளாகம் வேண்டுமென்றால் மத்தியக் கலாச்சார அமைச்சகத்தில் தாகூர் பண்பாட்டு வளாகத் திட்டம் இருக்கிறது, 15 கோடி வரை கேட்கலாம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குணம் உண்டு: செங்கல், சிமெண்ட், நாற்காலி என்று கண்ணால் பார்க்கக்கூடிய சொத்துக்குத்தான் காசு. சம்பளம், மின் கட்டணம், நிகழ்ச்சிச் செலவு என்று வருடா வருடம் வரும் தொடர்செலவுக்குத் தொகுதி நிதியில் ஒரு ரூபாய் கூட எடுக்க முடியாது. ஆகவே கல்வெட்டு பதித்து, நாடா வெட்டிய மறுநாள் காலையில் சாவி பேரூராட்சி அலுவலக ஆணியில் தொங்க ஆரம்பிக்கும். மேடைக்கு விளக்குப் போடுகிறவனுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். திறந்த இரண்டாவது வருடம் மின் கட்டணப் பாக்கிக்காக இணைப்பைத் துண்டித்தார்கள். மூன்றாவது வருடம் அறுவடை நேரத்தில் மழை வந்ததும் நெல் மூட்டைகளை உள்ளே அடுக்கினார்கள். அந்த நேரத்துக்கு அது சரியான காரியம், நானே சாவி எடுத்துக் கொடுத்தேன். ஆனால் மூட்டை போன பிறகு எலி வந்தது. எலி திரைச்சீலையைக் கடித்தது, ஒலிபெருக்கி வயரைக் கடித்தது. ஐந்தாவது வருடம் "பயன்பாடற்ற கட்டடம்" என்று தணிக்கைக் குறிப்பு வந்தது. அந்தக் குறிப்புக்குப் பதில் எழுதியதும் நான்தான். எழுதும்போது கை கூசியது, ஏனென்றால் அந்தக் கட்டடத்துக்குப் பட்ஜெட் போட்ட நாளில் தொடர்செலவு என்ற ஒரு வரியை நாங்கள் எழுதவே இல்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், இந்தக் கணக்கை நம் மண்ணில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே சரியாகப் போட்டிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் என்றால் எல்லோரும் விமானத்தின் உயரத்தைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட அந்த மதிலில் இருக்கும் கணக்குதான் பெரிது. ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட 400 கோயில் ஆடல் பெண்களைப் பல கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தினான். ஒவ்வொருவர் பெயர், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகில் (பக்கத்தில்) எத்தனையாவது வீடு என்று கல்லில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருடம் 100 கலம் நெல், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்து. நட்டுவம் செய்பவர், பாடுகிறவர், கொட்டுகிறவர் மட்டும் இல்லை, கணக்கர், தையல்காரர், சலவை செய்பவர், விளக்கு ஏற்றுகிறவர் வரை பங்கு எழுதியிருக்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய உறவினரில் தகுதியானவர் அந்தப் பங்கில் வரவேண்டும், தகுதி இல்லை என்றால் தகுதி உள்ள ஒருவரை அவர்களே தேடி நிறுத்த வேண்டும் என்பதும் அந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது. அதாவது வேலையிடம் காலியானால் என்ன செய்வது என்பது வரை யோசித்திருக்கிறார்கள்.

அதே கோயிலில் இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காக ஒரு சாந்திக்கூத்தனுக்கும் (கூத்துக் கலைஞனுக்கும்) அவன் வழியினருக்கும் வருடம் 120 கலம் நெல் என்கிறது. கூத்துக்காணி, நட்டுவக்காணி என்று தொழிலுக்கு நிலம் விட்ட வழக்கமும் இப்படி வந்ததுதான். மேடை கட்டியவர்கள் மேடை நடப்பதற்கு நிலத்தையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்துச் சமூக அமைப்பை நான் பாராட்டவில்லை. யார் ஆட வேண்டும், யார் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்த காலம் அது, அதற்கு அப்புறம் வருகிறேன். செலவை எழுதி வைத்த முறையைத்தான் சொல்கிறேன்.

சரி, இன்றைக்கு வருவோம். சாக்கடையா, கூத்தா என்ற கேள்வி.

பண்பாட்டுக்கு உள்ளாட்சி செலவழிப்பது ஆடம்பரம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த 12ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளின் வேலை என்று 18 இனங்கள் இருக்கின்றன. குடிநீர், சாலை, சுடுகாடு எல்லாம் இருக்கும் அதே பட்டியலில் 13ஆவது இனம் பண்பாடு, கல்வி, அழகியல் வளர்ச்சி. ஆக இது பேரூராட்சி வேலையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, குடிநீர்ப் பணத்தை எடுத்துக் கூத்துக்குக் கொடுப்பதாக ஒரு பயம். மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குமான காலத்துக்குச் சொன்ன முறையைப் பாருங்கள். நம்மைப் போன்ற சிறு நகரங்களுக்கு வந்த மானியத்தில் 60 சதவீதம் கட்டிப்போட்ட பணமாக இருந்தது: பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மன்றம் நினைத்திருந்தாலும் அதை வேறு எதற்கும் திருப்பியிருக்க முடியாது. மீதி 40 சதவீதத்தை ஊர் தன் தேவைக்கு ஏற்ப முடிவு செய்யலாம், ஆனால் அதில் சம்பளம் போடக்கூடாது என்று இருந்தது. எனவே கலையரங்கத்தின் கூரைக்கசிவையும் கழிப்பறையையும் சரி செய்ய அந்த 40இல் இடம் இருந்தது, காவலாளி சம்பளத்துக்கு இல்லை. சம்பளத்துக்கு இரண்டே வழிதான்: மாநில நிதி ஆணையத்தின்படி மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறதே, அதில் உங்கள் ஊருக்கு வரும் பங்கு ஒன்று. சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை என்று ஊரின் சொந்த வருமானம் இன்னொன்று.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் பேரூராட்சியில் துப்புரவுப் பணியாளர்களுக்குச் சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போகிறது என்றால், முதலில் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் கூலியை நிறுத்தி வைத்துவிட்டு நடத்தும் கச்சேரியை நான் ஆதரிக்க மாட்டேன்.

இப்போது உங்கள் ஊர்க் கிளை நூலகத்தைப் பாருங்கள். கலையரங்கத்தைவிடச் சின்னக் கட்டடமாகத்தான் இருக்கும், ஓடு உடைந்திருக்கலாம், ஆனால் திறக்கிறது. பெரியவர்கள் காலையில் நாளிதழ் படிக்கிறார்கள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சாயங்காலம் வருகிறார்கள். ஒரே ஊர், ஒரே தெரு. ஒன்று திறந்திருக்கிறது, ஒன்று பூட்டியிருக்கிறது. காரணம் நூலக வரி. 1948ஆம் வருடத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலாகிறது. பேரூராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். நம் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரியும். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர். அவர் 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தார். வண்டி ஓட வேண்டுமென்றால் மாட்டுக்குத் தினமும் தீனி வேண்டும் என்று தெரிந்த டெல்டாக்காரர். நூலகம் வள்ளல்களின் மனநிலையை நம்பி இருக்கக்கூடாது, வரியில் அதற்கென்று ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பதற்காகவே வருடக்கணக்கில் போராடினார். (வசூலித்த நூலக வரியைக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் உள்ளாட்சிகளும் உண்டு. உங்கள் ஊர் கட்டிவிட்டதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.)

கலைக்கு அப்படி ஒரு வரி கிடையாது. பேரூராட்சி தானாகத் தீர்மானம் போட்டுப் புது வரி கொண்டுவரவும் முடியாது. ஆனால் இருக்கும் வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கித் தனித் தலைப்பில் வைக்க மன்றத்துக்கு உரிமை உண்டு. எனக்குப் பிடித்த வழி கேளிக்கை வரி. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது உள்ளாட்சி விதிக்கும் கேளிக்கை வரிக்கு மட்டும் விலக்கு இருந்தது. அதை வைத்துத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் செய்து அந்த வருமானத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். உங்கள் ஊரில் ஒரு சினிமா தியேட்டர் இருந்தால் அந்த வரி இப்போது ஊருக்குத்தான். திரையில் படம் பார்ப்பவர் கட்டும் வரியில் ஒரு பகுதி மேடையில் நிற்பவருக்குப் போவது பொருத்தமாக இருக்கிறது, மன்றத்தில் விளக்கவும் சுலபம். இரண்டாவது வழி, அரங்கத்தின் வாடகை அரங்கத்துக்கே. இப்போது வாடகை பொது வருமானத்தில் கலந்து தெரு விளக்குக்குப் போய்விடும். தனித் தலைப்பு போட்டால் கலக்காது.

எவ்வளவு ஆகும்? ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காவலும் பார்த்து விளக்கு, மைக் செட்டையும் கவனிக்கும் ஓர் ஆளுக்கு மாதம் 12,000 என்றால் வருடம் 1,44,000. சுத்தம் செய்ய மாதம் 5,000, வருடம் 60,000. மின்சாரம் மாதம் 4,000 வீதம் 48,000. சில்லறைப் பழுதுக்கு 50,000. மாதம் ஒரு நிகழ்ச்சி, குழுவுக்கு 20,000 என்றால் 2,40,000. எல்லாம் சேர்த்து 5,42,000. ஊரில் ஐயாயிரம் வீடு என்றால் வீட்டுக்கு வருடம் 108 ரூபாய், மாதம் 9 ரூபாய். டீக்கடையில் ஒரு டீ கூட வராது. இன்னொன்று: மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல அரங்கங்களில் கட்டும்போது எடுத்த இணைப்பை யாரும் மாற்றாமலே விட்டிருப்பார்கள்.

அந்தக் குழுவுக்கு 20,000 என்பதை யாராவது குறைக்கச் சொல்வார்கள். விடாதீர்கள். நம் ஊர்களில் கலைஞரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, ஷீல்டு கொடுத்து, பஸ் செலவை மட்டும் கையில் திணித்து அனுப்பும் பழக்கம் இருக்கிறது. தவில்காரர் வீட்டில் ஷீல்டை வைத்து உலை ஏற்ற முடியாது. எட்டுப் பேர் குழுவுக்கு 20,000 என்பது ஆளுக்கு 2,500 ரூபாய், அதில் வேன் வாடகையும் போக வேண்டும்.

குத்தகை விஷயத்துக்கு வருகிறேன். நான் அதை அடியோடு எதிர்க்கவில்லை. முந்நூறு பேர் மண்டபம் குறைந்த வாடகையில் கிடைத்தால் ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் முழு வருடத்தையும் ஒருவர் கையில் ஏலத்துக்கு விட்டால் அவர் போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பார். சமையல்கூடம் பெருக்கும், மேடை சுருங்கும். கலையரங்கம் என்ற பலகை மட்டும் மிஞ்சும்.

நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் கல்யாணம் வைப்பதில்லை. அந்த மூன்று மாதம் எந்த மண்டபமும் காற்று வாங்கும், குத்தகைதாரருக்கும் அதில் வருமானம் இல்லை. ஆகவே ஏல நிபந்தனையிலேயே அந்த மூன்று மாதமும், மற்ற மாதங்களில் முகூர்த்தம் இல்லாத இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் பேரூராட்சிக்கு என்று எழுதிவிட்டால், ஏலத் தொகை பெரிதாகக் குறையாது. இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. கல்யாணம் இல்லாத மாதம் நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் கையில் காசு இல்லாத மாதம். அரங்கம் சும்மா இருக்கும் அதே நாட்களில்தான் அவர்களும் சும்மா இருக்கிறார்கள். புரட்டாசியிலும் மார்கழியிலும் அவர்களை மேடை ஏற்றினால் ஒரே செலவில் இரண்டு காரியம் நடக்கும். நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமைப்படுகிறோம். அதை வாசிக்கிறவர்களுக்கு வருடத்தில் சில சாயங்காலமாவது கூலி தேட வேண்டாமா?

அதே நிபந்தனையில் இன்னொரு வரியும் வேண்டும்: புயல், வெள்ளம் என்றால் அறிவிப்பு வந்த உடனே சாவி பேரூராட்சிக்கு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும்தான் ஜனங்களுக்கு நிழலாக இருந்தன. அந்த ராத்திரியில் குத்தகைதாரரைத் தேடி ஓட முடியாது.

பிறகு, யார் மேடை ஏறுவது. எனக்கு இந்த விஷயத்தில் பணத்தைவிட இதுதான் முக்கியம். தனியார் சபா தனக்குப் பிடித்தவரைக் கூப்பிடலாம், அது அவர்கள் காசு. கோயில் மண்டபத்துக்கு அதன் வழக்கம் உண்டு. ஊர் வரியில் ஓடும் மேடைக்கு அப்படி எந்தச் சாக்கும் கிடையாது. ஊரின் எல்லாத் தெருவும் வரி கட்டுகிறது, எல்லாத் தெருவுக்கும் அந்த மேடையில் நிற்கவும் முன்வரிசையில் உட்காரவும் உரிமை உண்டு. பறை அடிப்பவர் ஊர்வலத்தில் முன்னால் நடந்து, மண்டப வாசலில் நின்றுவிட்ட காலத்தை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அரங்கத்தின் முதல் மூன்று நிகழ்ச்சிகளில் ஒன்று பறையாக இருக்கட்டும். தஞ்சாவூர் கரகம், பொய்க்கால் குதிரை, கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டம், ஆர்சுத்திப்பட்டின் இரணிய நாடகம், தேவாரம், கர்நாடக இசை என்று வரிசை போடுங்கள். யாரைக் கூப்பிடுவது என்பதைத் தலைவர் ஒருவர் முடிவு செய்யக்கூடாது. இசை ஆசிரியர், நூலகர், வயதான கலைஞர் ஒருவர், பெண்கள் குழுவிலிருந்து இருவர் என்று ஒரு சிறு குழு போதும்.

திருவையாற்றில் பெங்களூர் நாகரத்தினம்மாள் செய்ததை நினைத்துப் பாருங்கள். தன் சொந்தப் பணத்தில் தியாகராஜர் சமாதி இருந்த இடத்தை வாங்கிக் கோயில் எழுப்பினார். பெண்கள் அங்கே பாட இடம் இல்லை என்றபோது சண்டை போட்டு இடம் வாங்கினார். தனக்குப் பிறகும் நடக்க வேண்டுமென்று சொத்தை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். கட்டினார், திறந்துவிட்டார், தொடர்செலவுக்கும் வழி செய்தார். ஒரு தனி மனுஷி செய்ததை ஒரு பேரூராட்சி செய்ய முடியாதா?

வெளியிலிருந்தும் உதவி கேட்கலாம், அதற்கு நாம் பக்கத்திலேயே இருக்கிறோம். தென்னகப் பண்பாட்டு மையம் 1986 முதல் தஞ்சாவூரில் இருக்கிறது. மத்திய அரசு நாட்டில் அமைத்த ஏழு மண்டல மையங்களில் ஒன்று, கலைக்குழுக்களை ஊர்களுக்கு அனுப்புவது அதன் வேலைகளில் ஒன்று. நமக்கு அரங்கமும் மின்சாரமும் தயாராக இருந்தால் கேட்கும் கடிதத்துக்கு எடை கூடும். மாநிலக் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகமும் தஞ்சையில்தான். திருவாரூர், சீர்காழி போன்ற இடங்களில் இருக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று மூன்று வருடம் படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு மேடை கிடைப்பதில்லை. உங்களிடம் மேடை இருக்கிறது. ஜவகர் சிறுவர் மன்ற வகுப்பு ஒன்றை வார இறுதியில் உங்கள் அரங்கத்தில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். சனி, ஞாயிறு நாற்பது பிள்ளைகள் வந்து போகும் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்க யாருக்கும் மனசு வராது.

இப்போது செய்ய வேண்டியது. பட்ஜெட் மார்ச் 31க்குள் மன்றத்தில் நிறைவேற வேண்டும், அலுவலகத்தில் அதற்கான வேலை ஜனவரியிலேயே தொடங்கிவிடும். பிப்ரவரியில் போய்க் கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். ஆகவே டிசம்பருக்குள் உங்கள் வார்டு உறுப்பினரிடம் மூன்றே வரியில் ஒரு தீர்மான வரைவைக் கொடுங்கள்: கலையரங்கத்துக்கு வரவு செலவில் தனித் தலைப்பு, கேளிக்கை வரியிலும் அரங்க வாடகையிலும் இத்தனை சதவீதம் அந்தத் தலைப்புக்கு, குத்தகை விட்டால் ஆடி, புரட்டாசி, மார்கழி பேரூராட்சிக்கு. செயல் அலுவலரிடம் ஒரு நகல், மண்டல உதவி இயக்குநருக்கு ஒரு நகல். போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஊரில் இருக்கும் நாதஸ்வரக்காரர், பறைக்குழுப் பையன்கள், பாட்டு டீச்சர் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மாதிரிக் கணக்கை உங்கள் ஊர் எண்களோடு போட்டு எனக்கு அனுப்பினால், எந்தச் செலவு எந்தத் தலைப்பில் வரும், தணிக்கையில் எது நிற்கும் என்று பார்த்துத் திருத்தித் தருகிறேன்.